அடுப்பு உங்களுடையது, புகை ஊருடையது!

ஓர் அடுப்பு வாங்குவதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டுமா?

லண்டனில் வேண்டும். மான்செஸ்டரில் வேண்டும். பர்மிங்ஹாமில் வேண்டும்.

இங்கிலாந்தின் பெரிய நகரங்களில் குடியிருப்பவர்கள், குளிருக்கு வீட்டில் கணப்பு அடுப்பு வைக்க நினைத்தால், முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ள வேண்டும். வீடு இருக்கும் இடம் ‘புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி’யா? வாங்கப்போகும் அடுப்பு அந்தப் பகுதியில் அனுமதிக்கப்பட்டதா?

விடை தெரியாமல் தீ மூட்டினால், அபராதச் சீட்டு வீடு தேடி வரலாம்!

‘‘குளிர் காய்வதற்குக்கூடச் சர்க்காரைக் கேட்க வேண்டுமா? இது என்ன அநியாயம்?’’ என்று கேட்கத் தோன்றும். அநியாயம் அல்ல. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. துயரமான கதை. அது நடந்தது 1952-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில்.

5 நாள் இருட்டு

அந்த மாதம் 5-ந் தேதி, வெள்ளிக்கிழமை. லண்டனில் கடுங்குளிர். ஜனங்கள் கதவுகளையும் ஜன்னல்களையும் சாத்திக்கொண்டு, கணப்பில் நிலக்கரியை அள்ளிப் போட்டார்கள். லட்சக்கணக்கான வீடுகளின் புகைபோக்கிகள் புகையைக் கக்கின. தொழிற்சாலைகளும் மின்சார நிலையங்களும் தம் பங்குக்குக் கக்கின.

மற்ற நாட்களில் தரையோரத்துக் காற்று சூடாகி மேலே எழும். புகையையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அன்று அப்படி நடக்கவில்லை. தரையோரத்தில் குளிர்ந்த காற்று தங்கியது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று பரவி நின்றது. சட்டியைத் தட்டுப் போட்டு மூடியதுபோல் ஊர் மூடப்பட்டுவிட்டது. புகை போவதற்கு வழி இல்லை. பனியும் புகையும் கலந்து மஞ்சளும் கறுப்புமாகத் தெருவில் இறங்கின.

எதிரே வரும் ஆள் தெரியவில்லை. சில இடங்களில் நடப்பவருக்குத் தன் காலே தெரியவில்லை! பஸ்களின் முன்னால் கண்டக்டர்கள் விளக்குப் பிடித்து நடந்தார்கள். பிறகு பஸ்களே நின்றன. சுரங்க ரெயில் மட்டும் ஓடியது. ‘சாட்லர்ஸ் வெல்ஸ்’ அரங்கில் நடந்த இசை நாடகம் பாதியில் நிறுத்தப்பட்டது. புகை அரங்குக்குள் புகுந்து, மேடையில் இருப்பவர்களை மறைத்துவிட்டது. கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட கொழுத்த மாடுகள் மூச்சுத் திணறின. சில செத்து விழுந்தன.

9-ந் தேதி, செவ்வாய்க்கிழமை காற்று வீசியது. மூட்டம் கலைந்தது. அதற்குப் பிறகுதான் கணக்குப் பார்த்தார்கள்.

வழக்கமாக இறப்பவர்களைவிடச் சுமார் 4 ஆயிரம் பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள்! பெரும்பாலோர் முதியவர்கள், கைக்குழந்தைகள், நெஞ்சு நோயாளிகள். ‘‘இன்புளுயென்சா காய்ச்சலும் ஒரு காரணம்’’ என்று அப்போது சொல்லிப் பார்த்தார்கள். அடுத்த மாதங்களில் இறந்தவர்களையும் சேர்த்து ஆராய்ந்த நிபுணர்கள், இந்தத் தொகை 12 ஆயிரம் வரை இருக்கலாம் என்று பிற்காலத்தில் மதிப்பிட்டார்கள்.

குண்டு விழவில்லை. வெள்ளம் வரவில்லை. அடுப்புப் புகையும் ஆலைப் புகையும் சேர்ந்து செய்த கொலை அது.

அடுப்புக்கு வந்த சட்டம்

லண்டன் புகையை எதிர்த்த குரல் புதியது அல்ல. 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முதலாம் எட்வர்டு மன்னர் நிலக்கரி எரிக்கத் தடை போட்டார். 1661-ல் ஜான் ஈவ்லின் என்ற அறிஞர் லண்டன் புகையைக் கண்டித்து ஒரு நூல் எழுதி, மன்னர் இரண்டாம் சார்லசுக்குக் காணிக்கையாக்கினார். மன்னர்கள் போனார்கள். புகை போகவில்லை.

1952-ம் ஆண்டுச் சாவுகள்தான் பார்லிமெண்டை அசைத்தன. 1953-ல் சர் ஹியூ பீவர் என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கமிட்டி அறிக்கை கொடுத்தது. ஜெரால்டு நபாரோ என்ற அங்கத்தினர் தனி மசோதா கொண்டுவந்து நெருக்கினார். 1956-ம் ஆண்டு ‘சுத்தமான காற்றுச் சட்டம்’ நிறைவேறியது.

அந்தச் சட்டம், தொழிற்சாலையோடு நிற்கவில்லை. வீட்டு அடுப்பையும் தொட்டது. நகர சபைகள் தங்கள் எல்லைக்குள் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தது. அதே சமயம், பழைய கணப்பை மாற்றி அமைக்கிறவருக்குச் செலவில் 10-ல் 7 பங்கைத் திருப்பிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. ‘‘மாற்று’’ என்று கட்டளை போட்டதோடு, மாற்றுவதற்குப் பணமும் கொடுத்த சட்டம் அது. ஜனங்கள் ஒத்துழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் ஒரே நாளில் புகை ஒழியவில்லை. 1962 டிசம்பரில் மீண்டும் மூட்டம் வந்தது. மீண்டும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1967-ல் வட கடலிலிருந்து எரிவாயு கரைக்கு வந்தது. குழாய் வழியே வீடு வீடாகப் போனது. நிலக்கரிக் கணப்புகள் மெல்ல மெல்ல அணைந்தன. லண்டன்வாசிகள் மறுபடியும் தூரத்துக் கோபுரங்களைப் பார்த்தார்கள்.

போன புகை திரும்பி வந்தது

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அண்மை ஆண்டுகளில் விறகு அடுப்பு மறுபடியும் நாகரிகமாகிவிட்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தீ நடனமாடுவது அழகாக இருக்கிறது. எரிவாயு விலை ஏறியபோது, ‘‘விறகு மலிவு’’ என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. ஒரு தலைமுறைக்கு முன் செங்கல் வைத்து அடைத்த கணப்புகளை மறுபடியும் திறந்தார்கள்.

1952-ன் புகை கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய புகையில் ஆபத்தானது கண்ணுக்குத் தெரிவதில்லை. அது நுண்துகள். ஒரு தலைமயிரின் பருமனில் 30-ல் ஒரு பங்குகூட இராது. மூக்கு வடிகட்டாது; தொண்டை தடுக்காது. நேரே நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமாவும் இருதய நோயும் உள்ளவர்களை முதலில் தாக்கும்.

பிரிட்டனில் வீடுகளில் விறகும் கரியும் எரிப்பதால் வரும் நுண்துகள், அந்த நாட்டு மோட்டார் வண்டிகளின் புகைக்குழாய்கள் எல்லாம் கக்குவதைவிட அதிகம் என்பது சர்க்காரின் கணக்கு. வண்டிப் புகையைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறவர், தன் வீட்டுப் புகைபோக்கியை நினைத்துப் பார்ப்பது இல்லை!

லண்டனில் ஆஸ்துமா நோயால் 9 வயதுச் சிறுமி ஒருத்தி 2013-ல் இறந்தாள். அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று, 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புக் கூறினார். பிரிட்டனில் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது அதுவே முதல் தடவை. அவள் வீட்டருகே போனது பெரிய சாலை. அங்கே குற்றவாளி வண்டிப் புகை. ஆனால், உள்ளே போகும் துகள் சாலையிலிருந்து வந்ததா, அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து வந்ததா என்று ஒரு குழந்தையின் நெஞ்சு பார்ப்பதில்லை.

ஆகவே, அடுப்பு வாங்குவது ஒரு வீட்டின் சொந்த விஷயம் அல்ல. தெருவின் விஷயம்.

சட்டம் சொல்வது என்ன?

இன்று அங்கே நடைமுறையில் இருப்பது 1993-ம் ஆண்டின் சுத்தமான காற்றுச் சட்டம். 2021-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் அதை மேலும் இறுக்கியது.

புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு வீட்டின் புகைபோக்கியிலிருந்து புகை வந்தால், இங்கிலாந்தில் 175 பவுன் முதல் 300 பவுன் வரை நகர சபை அபராதம் விதிக்கலாம். அனுமதி இல்லாத அடுப்பில் எரிப்பதற்காக, அனுமதி இல்லாத எரிபொருளை வாங்கினால் 1,000 பவுன் வரை அபராதம்.

அப்படியானால் எதை எரிக்கலாம்? இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: புகையற்றது என்று அனுமதிக்கப்பட்ட எரிபொருளை எரிப்பது. ‘ஆந்த்ரசைட்’ என்ற கெட்டி நிலக்கரி அந்த வகை. திறந்த கணப்பு வைத்திருப்பவருக்கு இந்த ஒரு வழிதான். அதில் விறகு போடக் கூடாது.

இரண்டாவது வழி: ‘விலக்குப் பெற்ற அடுப்பு’ வாங்குவது. சில அடுப்புகளைச் சோதனைச் சாலையில் எரித்துப் பார்க்கிறார்கள். விறகைப் போட்டாலும் புகை குறிப்பிட்ட அளவுக்குள் அடங்கினால், அந்த அடுப்புக்கு விலக்குக் கொடுக்கிறார்கள். சுற்றுச்சூழல் இலாகா அதைப் பட்டியலில் சேர்த்து வெளியிடுகிறது.

எரிபொருளுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2021 மே மாதம் முதல், சிறு அளவில் விற்கும் விறகு ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகாமல் உலர்ந்திருக்க வேண்டும். வீடுகளில் எரித்து வந்த, புகை மிகுந்த சாதாரண நிலக்கரியின் விற்பனை 2023 மே மாதத்தோடு இங்கிலாந்தில் முற்றிலும் நின்றது.

கடையில் ஏமாறாதீர்கள்!

இனி, கடைக்குப் போகலாம். பளபளக்கும் அடுப்புகள் வரிசையாக நிற்கின்றன. எதை வாங்குவது? கவனிக்க வேண்டியவை ஐந்து.

ஒன்று, பட்டியல். ‘‘இது விலக்குப் பெற்றதுதான்’’ என்ற கடைக்காரரின் சொல் போதாது. கம்பெனியின் பெயர், மாடலின் பெயர் இரண்டும் எழுத்து மாறாமல் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே கம்பெனியின் ஒரு மாடலுக்கு விலக்கு இருக்கும். பக்கத்து மாடலுக்கு இருக்காது. எந்த எரிபொருளுக்கு விலக்கு என்பதும் பட்டியலில் இருக்கும். விறகுக்கு விலக்குப் பெற்ற அடுப்பில், கண்ட கரியையும் போட்டு எரிக்க முடியாது.

இரண்டு, ‘ஈகோடிசைன்’ என்ற சொல். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 2022 ஜனவரி 1-ந் தேதி முதல், புதிதாக விற்பனைக்கு வரும் அடுப்புகளுக்கு ஈகோடிசைன் விதி வந்தது. மூடிய கதவுள்ள விறகு அடுப்பு, எரிபொருளின் சூட்டில் 65 சதவீதமாவது அறைக்குக் கொடுக்க வேண்டும். நுண்துகள், வெளியேறும் புகையில் கனமீட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஈகோடிசைன் வேறு, விலக்கு வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் தானாக வந்துவிடாது. நகரவாசி இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும்.

மூன்று, அளவு. ‘‘பெரிய அடுப்பாக இருந்தால் நல்லது தானே?’’ என்பது எல்லோருக்கும் வரும் ஆசை. இதைப்போல் ஆபத்தான ஆசை வேறு இல்லை.

ஒரு சாதாரணக் கணக்கு உண்டு. அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி, 14-ஆல் வகுத்தால், எத்தனை கிலோவாட் அடுப்பு வேண்டும் என்று ஏறக்குறையத் தெரியும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரமுள்ள அறை, 48 கனமீட்டர். 14-ஆல் வகுத்தால் 3.4 வருகிறது. 4 கிலோவாட் அடுப்பே தாராளம்! அங்கே 8 கிலோவாட் அடுப்பை வைத்தால் என்ன ஆகும்? அரை மணி நேரத்தில் அறை கொதிக்கும். வீட்டுக்காரர் காற்று வழியைச் சாத்துவார். தீ மூச்சு முட்டிப் புகையும். சோதனைச் சாலையில் புகையாத அடுப்பு, அந்த வீட்டில் புகையும். குற்றம் அடுப்பின்மேல் அல்ல, அளவின்மேல்.

நான்கு, பழைய அடுப்பு. ‘பாதி விலைக்குக் கிடைக்கிறது’ என்று பழைய அடுப்பை வாங்குவதில் எச்சரிக்கை தேவை. கதவு ஓரத்தில் உள்ள கயிறு தேய்ந்திருந்தால், வேண்டாத இடத்தில் காற்று நுழையும். மாடல் பட்டியலில் இல்லை என்றால், நகரத்தில் அதில் விறகு எரிக்க முடியாது. பாதி விலையும் வீண்.

ஐந்து, பொருத்தும் ஆள். பதிவு பெற்ற தொழிலாளி பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் நகர சபையின் கட்டட இலாகாவுக்குத் தெரிவித்துச் சோதிக்கச் செய்ய வேண்டும். 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட அடுப்பென்றால், அறைக்கு வெளிக்காற்று வரச் சுவரில் நிரந்தரத் துவாரம் வைக்க வேண்டும். காற்றுப் புகாமல் கட்டிய புது வீடுகளில் சிறிய அடுப்புக்கும் அது தேவைப்படும். கார்பன் மோனாக்சைடு வாயுவை அறிந்து ஒலிக்கும் அபாய மணியும் கட்டாயம். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூங்குகிறவரை எழுந்திருக்க விடாமலே கொன்றுவிடும்.

புகை என்பது எரியாத விறகு

நல்ல அடுப்பு எப்படிப் புகையை அடக்குகிறது? அதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

விறகு எரிகிறது என்பார்கள். உண்மையில், பெரும்பாலும் எரிவது விறகிலிருந்து சூட்டினால் வெளிவரும் வாயு. அந்த வாயு முழுவதும் எரிய மூன்று வேண்டும்: போதிய சூடு, போதிய காற்று, எரிந்து முடிய அவகாசம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாயு எரியாமல் தப்பிவிடும். தப்பியதுதான் புகை. எரியாத விறகே புகை. காசு கொடுத்து வாங்கிய விறகு, சூடு கொடுக்காமலே புகைபோக்கி வழியாகப் போகிறது!

பழைய அடுப்பில் காற்று கீழே மட்டும் நுழைந்தது. புது அடுப்பில் கீழே ஒரு வழி, கண்ணாடியின் மேலிருந்து ஒரு வழி, பின்சுவரில் சிறு துளைகள் வழியே ஒரு வழி. தீக்கு மேலே போகும் வாயு, பின்சுவர்க் காற்றில் மறுபடியும் பற்றி எரிகிறது. கண்ணாடியின் மேலிருந்து இறங்கும் காற்று, தன் பங்கைச் செய்வதோடு கண்ணாடியில் கரி படியாமலும் காக்கிறது. விலக்குப் பெற்ற அடுப்புகள் பலவற்றில் காற்று வழியை முழுவதும் சாத்தவே முடியாது. சிறிது திறந்தே இருக்கும்படி செய்துவிடுகிறார்கள். வீட்டுக்காரரின் கையை நம்பாத ஏற்பாடு அது!

விறகு உலர்ந்ததா?

எவ்வளவு விலை உயர்ந்த அடுப்பானாலும், ஈர விறகைப் போட்டால் தோற்றுப்போகும்.

இதைத் தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடைமழையில் நனைந்த விறகை அடுப்பில் வைத்து, ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்தவர்களுக்கு அது தெரியும். விறகில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை தீ எழும்பாது. சூடெல்லாம் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே செலவாகிவிடும்.

அப்போது வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீராகக்கூட இருக்கும். 10 கிலோ பச்சை விறகு வாங்கினால் 5 கிலோ தண்ணீருக்கும் விலை கொடுத்ததாக அர்த்தம். அதைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் படும்படி அடுக்கி வைக்க வேண்டும். ஓராண்டு ஆகும். ஓக் போன்ற கெட்டி மரத்துக்கு இரண்டு ஆண்டுகூட ஆகும்.

ஈரத்தை அளக்க ஒரு சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்த்தால் பயன் இல்லை. வெளியே உலர்ந்து, உள்ளே ஈரமாக இருக்கும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்புறத்தில் குத்திப் பார்க்க வேண்டும். 20-க்கு மேல் காட்டினால், அந்தக் கட்டை அடுத்த குளிர்காலத்துக்கு ஆகட்டும்.

வர்ணம் அடித்த பலகை, மருந்து ஏற்றிய மரம், பழைய நாற்காலி, குப்பை ஆகியவற்றை அடுப்பில் போடவே கூடாது. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். பழைய மர மருந்தில் ஆர்செனிக் என்ற பாஷாணம் இருக்கலாம். எரித்தால் அது காற்றில் கலந்து எல்லோர் மூச்சிலும் போகும்.

மூட்டுவதிலும் முறை உண்டு

பெரிய கட்டைகளைக் கீழே வைத்து, சிறு சிராய்களை மேலே அடுக்கி, உச்சியில் தீ வைக்க வேண்டும். இது தலைகீழாகத் தோன்றும். ஆனால், கீழிருந்து மெல்ல எழும் வாயு, மேலே உள்ள தீயைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதே எரிந்துவிடும். புகைபோக்கியும் சீக்கிரம் சூடாகும்.

இரவு முழுவதும் கனியட்டும் என்று அடுப்பை நிரப்பி, காற்றைக் குறைத்துவிட்டுப் படுக்கப் போவது பழைய வழக்கம். அதைவிட மோசமான வழக்கம் இல்லை. விடிய விடியப் புகை வரும். புகைபோக்கியின் உட்சுவரில் தார் படியும். ஒருநாள் அந்தத் தாரே பற்றி எரியும். இரண்டு மூன்று கட்டைகளாகப் போட்டு, தீ பளிச்சென்று எரியும்படி பார்த்துக்கொள்வதே சரி. கதவை அடிக்கடி திறந்தால் நுண்துகள் அறைக்குள்ளேயே வரும். முதல் பலி அந்த வீட்டுக் குழந்தைகள். விறகு எரிக்கும் வீட்டில் ஆண்டுக்கு இருமுறையாவது புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும்.

கண்ணாடி கறுத்தால், தீ மந்தமாக ஆடினால், விறகோ காற்றோ சரியில்லை என்று அர்த்தம். அடுப்பே பேசுகிறது. கேட்க ஆள் வேண்டும்.

தேவையா என்பதே முதல் கேள்வி

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒன்றை மறைப்பது நியாயம் அல்ல. மிகச் சிறந்த விறகு அடுப்பும், எரிவாயுவைவிட அதிகமாக நுண்துகளைக் கக்கும். மின்சாரத்தால் சூடேற்றும் வீட்டில் புகைபோக்கியே வேண்டாம். ‘விலக்குப் பெற்றது’ என்றால் ‘மாசு இல்லாதது’ என்று பொருள் அல்ல. ‘குறைவானது’ என்றுதான் பொருள்.

விறகு அடுப்பை அடியோடு ஒழிக்க வேண்டும் என்கிறவர்களும் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. 2021 நவம்பரில் ‘ஆர்வென்’ புயல் பிரிட்டனின் வட பகுதியைத் தாக்கியது. சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. அந்தக் குளிரில், தனித்திருந்த கிராம வீட்டுக்கு விறகு அடுப்பு உயிர் காக்கும் துணை. எரிவாயுக் குழாய் போகாத ஊர்களில் வேறு வழி இல்லாத ஏழைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிகள் ஆக்குவது தர்மம் அல்ல. 1956-ல் கொடுத்ததுபோல, கைகொடுத்து மாற்ற வைப்பதே சர்க்காரின் கடமை.

ஆனால் நெருங்கிய வீடுகள் உள்ள நகரத் தெருவின் கதை வேறு. அங்கே பெரும்பாலான வீடுகளில் எரிவாயு இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. அடுப்பு எரிவது அழகுக்காக. அந்த அழகுக்கு விலை கொடுப்பவர், அடுத்த வீட்டில் இருமிக்கொண்டு படுத்திருக்கும் முதியவர். இது நியாயமா என்று அடுப்பு வாங்குமுன் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேவை இல்லை என்றால் வாங்க வேண்டாம். தேவை உண்டு என்றால், பட்டியலைப் பார்த்து, அறைக்கு ஏற்ற சிறிய அடுப்பாக வாங்கி, உலர்ந்த விறகை மட்டும் எரிக்க வேண்டும். காற்று அசையாத குளிர்நாளில், 1952-ஐ நினைத்து, முடிந்தால் மூட்டாமலே இருக்க வேண்டும்.

விலக்கு முத்திரை அடுப்புக்குத்தான் உண்டு. விறகு போடும் கைக்கு முத்திரை கிடையாது. அந்தக் கையின் மனச்சாட்சிதான் அதற்கு முத்திரை.

அந்த மனச்சாட்சிக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. தீ மூட்டிய அரை மணி நேரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டும். அண்ணாந்து தன் வீட்டுப் புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். புகை தெரிந்தால், திரும்பி உள்ளே போய் அடுப்பைச் சரி செய்ய வேண்டும். புகை தெரியாவிட்டால், அதோடு திருப்தி அடைந்துவிடாமல், பக்கத்து வீட்டு ஜன்னலையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கேயும் மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள்!